118 மில்லிமீற்றர்: போர்ஷே 911 ஐ அடியில் இருந்து வாசித்தல்

போர்ஷே 911 இன் வரலாற்றை எழுதுகிறவர்கள் அனேகமாக புட்ஸி போர்ஷே வரைந்த அந்தச் சாய்ந்த கூரையில் இருந்துதான் தொடங்குவார்கள். வடிவான கூரைதான், மறுப்பில்லை. ஆனால் நாங்கள் இங்கே காரை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அடியில் இருந்து பார்க்கப்போகிறோம். எஞ்சினும் கியர்பொக்ஸும் முகத்தோடு முகம் பொருந்துகிற இடத்தில் அவற்றைச் சேர்த்து இறுக்குகிற போல்ட்டுகள் இருக்கின்றன. 1960களின் நடுப்பகுதியில் அவற்றின் இடைவெளி எப்படி இருந்ததோ, காற்றால் குளிர்கிற கடைசி 911 வெளிவந்த 1998 வரைக்கும் அடிப்படையில் அப்படியேதான் இருந்தது. முப்பது வருசத்துக்கும் மேல். இந்த ஒரு விசயத்தால் 1969 ஆம் ஆண்டுக் காருக்குள் 1990களின் எஞ்சினை ஏற்றலாம். ஏற்றியும் இருக்கிறார்கள், கனபேர்.

கலைப்பீடத்தில் வரலாறும் தொல்லியலும் படிக்கிற ஆக்களுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்கலாம். இலங்கையில் 911 ஒன்றைத் தெருவில் காண்பதே அபூர்வம். எங்களை இழுத்தது கார் இல்லை. ஒரு தலைமுறைக் காரின் பாகத்தை இன்னொரு தலைமுறைக் காரில் பூட்டுகிற இந்த ஒரே வேலைக்கு, ஒரு பத்தாண்டில் ‘திருத்துதல்’ என்று பெயர். அடுத்த பத்தாண்டில் அதற்கே ‘மேம்படுத்தல்’ என்று பெயர். அதற்கும் பிறகு ‘பழுதாக்குதல்’ என்று பெயர். போல்ட் மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஏன் மாறியது என்பது வரலாற்றுக் கேள்விதானே.

முதலில் ஒன்றைச் சொல்லவேணும். போர்ஷே என்ற பெயரில் வந்த முதல் காரே பாகம் மாற்றிச் செய்த கார்தான். 1948 இல் ஒஸ்திரியாவின் குமுண்ட் என்ற சின்ன ஊரில் 356 இன் முதல் வண்டி ஓடியபோது அதன் எஞ்சின், கியர்பொக்ஸ், சஸ்பென்சன், பிரேக் எல்லாம் அடிப்படையில் ஃபொக்ஸ்வாகன் பீட்டிலுடையவை. போர் முடிந்து மூன்று வருசம். புதிதாக வார்ப்பதற்கு இரும்பும் இல்லை, காசும் இல்லை. இருக்கிறதை எடுத்து, கொஞ்சம் திருத்தி, மேலே ஒரு அலுமினிய உடம்பைப் போர்த்தினார்கள். இன்றைக்கு ‘தூய போர்ஷே’ என்று பேசுகிறவர்கள் இந்தப் பிறப்பை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

356 க்குப் பிறகு வந்ததுதான் நாங்கள் பேசுகிற கார். 1963 செப்டெம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அதைக் காட்டியபோது பெயர் 901. அடுத்த வருசம் பிரான்ஸின் பெஜோ நிறுவனம், நடுவில் சுழியம் வருகிற மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்குச் சொந்தம் என்று மறுப்புச் சொல்ல, சுழியம் ஒன்றாகியது. 911. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெயரை மாற்றின நிறுவனம் பாகங்களின் இலக்கத்தை மாற்றவில்லை. போர்ஷேயின் உதிரிப்பாக இலக்கத்தில் முதல் மூன்று இலக்கங்கள், அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாதிரிக்காக வரையப்பட்டது என்பதைக் காட்டும். அப்படி 901 என்று தொடங்குகிற பாகங்கள் பிந்திய கால 911களிலும் இருக்கின்றன. 1980களில் செய்த ஒரு காரைக் கழற்றினால் 901, 911, 914, 915, 930 என்று ஐந்தாறு தலைமுறை இலக்கங்கள் ஒரே உடம்புக்குள் கிடக்கும். கல்வெட்டு வாசிக்கப் பழகினவர்களுக்கு இது பழக்கமான காட்சி: ஒரே சுவரில் வேறு வேறு காலத்துக் கற்கள், ஒவ்வொன்றிலும் அதனதன் காலத்து எழுத்து. கார் நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம் ‘முற்றிலும் புதியது’ என்று சொல்லும். பாக இலக்கம் பொய் சொல்லாது.

தலைமுறை கடந்த முதல் எஞ்சின் மாற்றத்தையும் நிறுவனமே செய்தது. புதிய ஆறு சிலிண்டர் 911 விலை கூடினது. 356 வாங்கிப் பழகின ஆக்களுக்கு அது எட்டவில்லை. ஆகவே 1965 இல் 911 இன் உடம்புக்குள் பழைய 356 இன் 1.6 லீற்றர் நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து 912 என்று விற்றார்கள். 911 க்கு 130 குதிரைவலு. 912 க்கு 90. ஆனாலும் தொடக்க வருசங்களில் 911 ஐ விட 912 தான் கூட விற்றது. பின்னால் இன்னொரு பக்கமும் நடந்தது: 1970 ஆம் ஆண்டு 914 மாதிரியில் ஃபொக்ஸ்வாகன் எஞ்சின் இருந்த இடத்தில் 911 இன் எஞ்சினை வைத்து 914/6 என்று வெளியிட்டார்கள். கராஜ்காரர் செய்தால் ‘கலப்படம்’, கொம்பனி செய்தால் ‘புதிய மாதிரி’.

இப்போது தலைப்பில் இருக்கிற இலக்கத்துக்கு வருவம். 911 இன் எஞ்சினை உருவாக்கிய பொறியியலாளர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். அந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் நடுவில் இருந்து பக்கத்துச் சிலிண்டரின் நடு வரைக்கும் உள்ள தூரம் 118 மில்லிமீற்றர். முதல் எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 80 மில்லிமீற்றர்தான். 80 க்கும் 118 க்கும் இடையில் நிறைய இடம் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த இடத்துக்குள்தான் அடுத்த முப்பது வருச வரலாறு நடந்தது. 80 என்றது 84 ஆகி, 90 ஆகி, 95 ஆகி, 100 வரைக்கும் போனது. பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரமும் 66 இல் இருந்து 76.4 ஆகியது. 1991 கன செண்டிமீற்றராக இருந்த எஞ்சின் 3600 ஆனது. வெளியில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய அதே பருமன், அதே போல்ட்டு, அதே இடம். வீடு கட்டேக்க பின்னுக்கு மேல்மாடி எழுப்பலாம் எண்டு தூணில கம்பியை நீட்டி விடுவினமே, அது மாதிரி.

இதை மெட்ஸ்கரின் தீர்க்கதரிசனம் என்று மட்டும் எழுதினால் வரலாறு கதையாகிவிடும். போர்ஷே அப்போது சின்ன நிறுவனம். ஒரு அச்சு வார்த்தால் அதை வருசக்கணக்காகப் பாவிக்கவேண்டிய நிலை. முன்கண்ணாடியும் கூரையும் 1994 வரைக்கும் ஏறக்குறைய அதேதான். பாகங்கள் பொருந்தின என்பதற்குப் பின்னால் இலட்சியத்தைவிடச் சிக்கனம்தான் பெரிய காரணம். சிக்கனத்தால் செய்தது பிறகு பாரம்பரியம் என்று விற்கப்பட்டது. அதுவும் வரலாற்றில் புதிசு இல்லை.

ஆனால் எல்லாம் பொருந்தவில்லை. பொருந்தாத இடங்கள்தான் சுவாரசியம். 911 இன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பின்பாரம் கூடின வண்டி, வளைவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசிக்கொண்டு வரும். முதல் வருசக் கார்களில் இந்தக் குணம் மோசமாக இருந்ததால் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? முன் பம்பரின் இரண்டு மூலையிலும் 11 கிலோ, 11 கிலோவாக வார்ப்பிரும்பு வைத்தது. நூற்றுக்கணக்கான பொறியியல் மணித்தியாலங்கள் செலவழித்த ஸ்போர்ட்ஸ் காருக்குள் தராசுப் படிக்கல்! 1969 மாதிரிக்குத்தான் சரியான மருந்து வந்தது. பின் ரயர்களைத் தாங்குகிற கைகளை நீட்டி, சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் 2211 இல் இருந்து 2268 மில்லிமீற்றர் ஆனது. அந்த 57 மில்லிமீற்றர் ஒரு எல்லைக்கோடு. அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற கார்களில் பின்னால் வந்த கனக்கப் பாகங்கள் லேசாகப் பூட்டும். 1974 க்குப் பிறகு வந்த அலுமினியப் பின்கைகளை 1969 காரில் போடலாம். 1968 காரில் அது லேசில் நடக்காது.

சஸ்பென்சனில் இன்னொரு நல்ல விசயம். 1989 வரைக்கும் 911 இல் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்குத் தண்டு, அதாவது ரோர்சன் பார். நீளமான இரும்புத் தண்டின் ஒரு நுனி உடம்போடு பூட்டி, மற்ற நுனி சில்லைத் தாங்குகிற கையோடு பூட்டி இருக்கும். சில்லு மேலே போனால் தண்டு முறுகும். தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கால் கூடும். தொடக்ககால 911 களில் பின் தண்டின் விட்டம் 23 மில்லிமீற்றர். 1980களின் பிற்பகுதிக் கரெராவில் 25. இரண்டே மில்லிமீற்றர்தான், ஆனால் விறைப்பு ஏறக்குறைய 40 வீதம் கூடிவிடும். ஆகவே பிந்திய காரின் தண்டை உருவிப் பழைய காரில் செருகினால் பழைய கார் வேறொரு ஆளாகிவிடும். தண்டின் ஒரு நுனியில் 40 பல், மறு நுனியில் 44 பல். உள்நுனியில் ஒரு பல் ஒரு பக்கம், வெளிநுனியில் ஒரு பல் மறுபக்கம் என்று திருப்பினால் ஒரு பாகைக்கும் குறைவான அளவில் காரின் உயரத்தை மாற்றலாம். இதைச் செய்து பழகின கைகளுக்குக் கணிதம் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

இந்த வேலைகளை நிறுவனம் தடுத்ததா? இல்லை, ஊக்கப்படுத்தியது. 1960களிலேயே விளையாட்டுப் பாவனைக்கு 911 ஐ எப்படி மாற்றுவது என்று ஒரு கையேட்டைப் போர்ஷே வெளியிட்டது. எந்த எஞ்சின் பாகம், எந்தக் கியர், எந்த ஸ்டெபிலைசர் என்று பட்டியல். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓடுகிறவர்கள் அந்தக் காலத்துப் பாவனையாளர்களில் முக்கியமான பங்கு. பாகம் மாற்றுவது காரைப் பாவிப்பதின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

பிறகு வந்தது 1970கள். எங்களைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் கனமான அத்தியாயம் இதுதான். அமெரிக்கா புகைக்கு எதிராகச் சட்டம் இறுக்கியது. போர்ஷே விற்றதில் பெரும்பங்கு அமெரிக்காவில். 1968 க்குப் பிறகு எஞ்சினின் உறையை, பாரம் குறைக்கிறதுக்காக, மக்னீசியத்தில் வார்த்துக்கொண்டிருந்தார்கள். 2.0 லீற்றருக்கு அது தாங்கியது. 1974 இல் எஞ்சின் 2.7 லீற்றர் ஆனது. 1975 இல் கலிபோர்னியாவுக்குப் போன கார்களிலும், அடுத்த இரண்டு வருசம் அமெரிக்கா முழுக்கப் போன கார்களிலும் தேர்மல் ரியாக்டர் என்ற ஒன்றைப் பூட்டினார்கள். எரியாமல் வெளியேறுகிற பெற்றோல் ஆவியை எக்சோஸ்டுக்குள்ளேயே இரண்டாம் முறை எரிப்பது அதன் வேலை. எரிந்தது. எஞ்சினுக்குக் கீழே அடுப்பு மூட்டின மாதிரி வெக்கை. இதுவோ காற்றால் மட்டும் குளிர்கிற எஞ்சின். மக்னீசியம் சூட்டில் இளகிக்கொடுக்க, சிலிண்டர் தலையை இழுத்துப் பிடிக்கிற நீளமான ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தன.

சட்டம் காற்றைக் காப்பாற்ற வந்தது. அது தேவைதான், லொஸ் ஏஞ்சலிஸின் அந்தக்காலப் புகைமூட்டப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சமாளிக்க நிறுவனம் எடுத்த குறுக்குவழியின் விலையைக் கட்டினது, காரை இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கினவர்கள். எஞ்சினை முழுசாகப் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் இரும்பு மரை இட்டுத் திருப்பிக் கட்டவேணும். அல்லது இன்னொரு வழி இருந்தது. 1978 இல் 911 எஸ்.சி வந்தது. 3.0 லீற்றர், அலுமினிய உறை, 180 குதிரைவலு. உறுதிக்குப் பேர்போன எஞ்சின். அடிபட்ட எஸ்.சி ஒன்று கழிவுக்கு வந்தால் அதன் எஞ்சினை எடுத்து 2.7 காரில் வைத்தார்கள். பின்னர் 1984 இல் வந்த 3.2 லீற்றர் எஞ்சினுக்கும் இதே கதை. போல்ட்டு பொருந்தியது, மிச்ச வேலையைக் கராஜ்கள் பார்த்துக்கொண்டன. ஃபிளைவீலைக் கிரேங்கில் பூட்டுகிற போல்ட்டு பழையதில் ஆறு, புதியதில் ஒன்பது. கிளட்ச் தட்டின் அளவு வேறு. எண்ணெய்க் குழாய் போகிற பாதை வேறு. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு வழி கண்டுபிடித்து மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தார். நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இந்த அறிவுக்கு இடமில்லை.

இதை வாசிக்கேக்க எங்கட ஆக்களுக்கு ஒரு ஞாபகம் வராமல் இருக்காது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்டின் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எந்தக் காரின் பாகம் எந்தக் காரில் என்று பார்க்கிற நிலை இல்லை, ஓடினால் சரி. கலிபோர்னியாவின் வசதிக்கும் யாழ்ப்பாணத்தின் இல்லாமைக்கும் ஒப்பீடு வைக்க நாங்கள் வரவில்லை, அது அநியாயம். ஆனால் கம்பனி கைவிட்ட இடத்தில் கைவேலைக்காரர் ஒருவர் நின்று யோசிக்கிற அந்தக் கணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த யோசனை இரண்டு இடத்திலும் சரியாக எழுதி வைக்கப்படவில்லை என்பதும் ஒன்றுதான்.

911 கிட்டத்தட்ட 1980களின் தொடக்கத்தில் முடிந்திருக்கவேண்டியது. அப்போதைய தலைவர் ஏர்ன்ஸ்ட் ஃபூர்மான், முன்னால் எஞ்சின் வைத்த 928 தான் எதிர்காலம் என்று நம்பினார். 1981 இல் பீட்டர் ஷூட்ஸ் தலைவராக வந்தார். பொறியியல் தலைவர் ஹெல்முட் பொட்டின் அறையில் ஒரு வரைபடம் தொங்கியதாம். மற்ற மாதிரிகளின் கோடுகள் நீண்டு போக, 911 இன் கோடு 1981 இல் நின்றது. ஷூட்ஸ் மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டைத் தாளையும் தாண்டிச் சுவர் வரைக்கும் இழுத்தார். ஷூட்ஸ் தானே திரும்பத் திரும்பச் சொன்ன கதை, ஆகவே கொஞ்சம் மெருகு ஏறியும் இருக்கும். ஆனால் அந்தக் கோடு நீண்டதால்தான் 3.2 உம் 3.6 உம் பழைய காருக்குள் போகக் கிடைத்தன.

இனிக் கியர்பொக்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போவம். முதலில் 901 பெட்டி. அதில் முதல் கியர் இடப்பக்கம் கீழே. 1972 இல் 2.4 லீற்றர் எஞ்சினோடு உறுதியான 915 வந்தது. 1987 இல் ஜி50. ஹைட்ரோலிக் கிளட்ச், மாற்றுவதற்கும் சுகம். எல்லாருக்கும் ஜி50 தான் வேணும். ஆனால் அது பருத்தது. அதற்கு இடம்விட நிறுவனமே பின்பக்கத் தண்டுகள் போகிற குறுக்குக் குழாயை வளைத்து மாற்றியது. பழைய காரில் போடுவதென்றால் அந்தக் குழாயை வெட்டி, புதியதை ஒட்டவேணும். வெட்டினால் பிறகு திரும்பிப் போக வழியில்லை. போல்ட்டால் பூட்டினதைக் கழற்றலாம், வெட்டி ஒட்டினதைக் கழற்ற ஏலாது: இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1989 இல் 964 வந்தபோது முறுக்குத் தண்டுகள் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. 1994 இல் 993, அதன் பின் சஸ்பென்சன் முழுக்க வேறு. சஸ்பென்சன் பரிமாற்றம் அங்கே அறுந்தது. எஞ்சின் மட்டும் தொடர்ந்து பின்னோக்கிப் பயணம் செய்தது. 964 இன் 3.6 லீற்றர் எஞ்சின் எஸ்.சி களுக்குள்ளும் அதற்கு முந்தினதுக்குள்ளும் போனது. 250 குதிரைவலு, 130 க்கு வரைந்த உடம்புக்குள்.

இதற்கிடையில் தோலிலும் ஒரு கூத்து நடந்தது. 1980களில் பழைய 911 என்றால் வெறும் பழைய கார். 1972 கார் வைத்திருந்தவர் அதைப் புதிசாகக் காட்ட விரும்பினார். மெல்லிய குரோம் பம்பரைக் கழற்றிவிட்டு, அமெரிக்க மோதல் சட்டத்துக்காக 1974 இல் வந்த துருத்தின பம்பரைப் பூட்டினார். ரேபோ மாதிரியின் அகன்ற மட்காட்டை ஒட்டினார். பின்னுக்குத் திமிங்கில வால். அதற்குப் பெயர் ‘அப்டேட்’. இருபது வருசம் கழிய எல்லாம் தலைகீழ். 2000களில் எஸ்.சி வைத்திருந்தவர் துருத்தின பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, நீளமான பொனட்டும் மெல்லிய பம்பரும் வாங்கி, காரை 1972 மாதிரி ஆக்கினார். அதற்குப் பெயர் ‘பக்டேட்’. ஒருவர் கழற்றி எறிந்ததை மற்றவர் தேடித் திரிந்தார். இருபது வருச இடைவெளிதான். 1999 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர் குருப்பே என்ற கழகம் நாங்கள் மேலே சொன்ன அந்த 1960களின் கையேட்டையே வேதமாக வைத்து, மாற்றுவதுதான் மரபு என்று வாதாடியது. இங்கிலாந்தில் பிறந்து லொஸ் ஏஞ்சலிஸில் குடியேறின மக்னஸ் வோக்கர் 1971 ஆம் ஆண்டு 911 ரி ஒன்றை விருப்பப்படி மாற்றி, 277 என்ற இலக்கத்தோடு ஓட்டி, 2012 இல் வந்த ஒரு ஆவணப்படத்தால் உலகப் பிரபலமானார்.

அதே காலத்தில் விலையும் ஏறியது. விலை ஏறினதும் கூடவே ஒரு கேள்வி வந்தது: இலக்கங்கள் பொருந்துகின்றனவா? எஞ்சின் உறையில் ஒரு இலக்கம் அடித்திருக்கும், கியர்பொக்ஸில் ஒன்று, உடம்பில் ஒன்று. எந்த உடம்பு எந்த எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்பது நிறுவனத்தின் ‘கார்டெக்ஸ்’ அட்டையில் பதிந்திருக்கும். அட்டையும் இரும்பும் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. 1973 இன் கரெரா ஆர்.எஸ் 2.7 ஐ எடுங்கள். மொத்தம் 1580 தான் செய்தார்கள். ஆனால் அதன் வாத்துவாலும் அகன்ற பின்பக்கமும் எந்த 911 இலும் பூட்டக்கூடியவை. ஆகவே கண்ணால் பார்த்து நம்ப ஏலாது, அட்டைதான் சாட்சி. எஞ்சின் உடைந்தபோது மூளையைப் பாவித்து 3.0 வைத்து, காரைக் கழிவுமுற்றத்துக்குப் போகாமல் காப்பாற்றின ஆள் இப்போது அதன் பெறுமதியைக் கெடுத்த ஆளாகிவிட்டார்.

எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. தொல்லியல் வகுப்பில் வெனிஸ் சாசனம் படிப்பிக்கிறார்கள்; 1964 இல் எழுதியது, முதல் 911கள் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட அதே வருசம். பழைய கட்டடம் ஒன்றில் எல்லாக் காலத்தினதும் பங்களிப்பை மதிக்கவேணும், ஒரே பாணிக்குத் திருப்புவது புனரமைப்பின் நோக்கம் அல்ல என்பது அதன் முக்கியமான கருத்துகளில் ஒன்று. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012 இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் அந்த வழியில் வந்ததுதான். அதன்படி பார்த்தால் 1983 இல் ஏற்றின 3.0 எஞ்சின் அந்தக் காரின் வரலாறு. 1986 இல் ஒட்டின அசிங்கமான மட்காட்டும் வரலாறு. அதைப் பிடுங்கிவிட்டு 1972 க்குத் திருப்புகிறவர், தான் வரலாற்றை மீட்பதாக நினைத்துக்கொண்டு பதினாலு வருசத்தை அழிக்கிறார். திருப்பணி என்ற பெயரில் எங்கட ஊர்க் கோயில்களில் பழைய கல்லுக்கு மேலே கொங்கிறீற் போடுகிறதும் இதுவும் எதிர்த்திசையில் ஓடுகிற ஒரே பஸ். எங்களுக்குள் ஒரு பகுதி இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேணும். கார் ஓடுவதற்கானது, பார்ப்பதற்கானது இல்லை, ஆகவே சொந்தக்காரர் விரும்பினதைச் செய்யட்டும் என்பது அவர்களின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெட்டி ஒட்டுவதற்கு முதல் ஒருக்கால் யோசிக்கலாம் தானே என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டோம்.

எது எந்தக் கார் என்பதைச் சட்டமும் தன் பாட்டில் தீர்மானித்தது. ஜேர்மனியின் ரூஃப் நிறுவனத்தை 1981 இல் அரசாங்கம் தனி உற்பத்தியாளராக அங்கீகரித்தது. அதன்பின் போர்ஷேயிடம் வெறும் உடம்பை வாங்கித் தன் எஞ்சினைப் பூட்டித் தன் சொந்தச் சசி இலக்கத்தை அடிக்கலாம். 1987 இன் மஞ்சள் சி.ரி.ஆர் அப்படி வந்ததுதான், 3.2 கரெராவின் ஒடுங்கின உடம்பு, 469 குதிரைவலு, மணிக்கு 330 கிலோமீற்றரையும் தாண்டியது. கண்ணுக்கு 911, சட்டத்துக்கு ரூஃப். மறுபக்கம் கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம். ரொக் இசைக்குழு ஒன்றின் பாடகராக இருந்த ரொப் டிக்கின்சன் 2009 இல் தொடங்கியது. வாடிக்கையாளரின் 964 ஐ வாங்கி உரித்து, கார்பன் உடம்பு போர்த்தி, 1970களின் தோற்றத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். கண்ணுக்கு 1970கள், சட்டத்துக்கு 1990 ஆம் ஆண்டு 964. பெரும்பணம். ஒவ்வொரு சிங்கருக்கும் ஒரு 964 உலகத்தில் குறைகிறது. ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத தலைமுறை, தன் தாத்தாவின் முகத்தை அணிவதற்காகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.

கடைசியில் போர்ஷேயே இறங்கியது. 2018 இல், மீந்து கிடந்த 993 உடம்புக் கூடு ஒன்றை எடுத்து, தன் பழைய பாகக் களஞ்சியத்தில் இருந்தே மிச்சம் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி, பொன்னிற 993 ரேபோ ஒன்றைக் கட்டினார்கள். களஞ்சியத்தில் அந்த மாதிரிக்கு மட்டும் 6500 க்கு மேற்பட்ட பாகங்கள் இருந்தன. எல்லாம் அசல், எல்லாம் சரியான இலக்கம். சசி இலக்கம்கூட 1998 இன் கடைசி 993 ரேபோவுக்கு அடுத்த இலக்கம். கழிவு எஞ்சின் இல்லை, வெட்டி ஒட்டினது இல்லை, பொருந்தாத போல்ட்டு ஒன்றும் இல்லை. ஏலத்தில் 30 இலட்சம் டொலருக்கு மேல் போனது. ஆனால் 2018 இல் செய்த கார் என்பதால் 2018 இன் சட்டங்களுக்கு அது பொருந்தவில்லை. தெருவில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. ரேஸ் தடத்தில் மட்டும் ஓட்டலாம். 1975 இன் எஞ்சின் உடைந்து, 1983 இன் எஞ்சினும் வேறொரு காரின் கியர்பொக்ஸும் பூட்டின, இலக்கம் ஒன்றும் பொருந்தாத கார்கள் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.